பிரித்தானியாவில் தஞ்சம் கேட்டு வந்த ஒருவருக்கு என் வீட்டில் அறை கொடுக்கலாமா?

ஒரு அறை வெறுமனே இருக்கிறது, அசைலம் கேட்டு வந்து தங்க இடமில்லாத ஒருவருக்கு அதைக் கொடுக்க நினைக்கிறேன், அரசாங்கம்தான் இடம் கொடுக்கிறதே, நாங்களும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை நான்கு பேர் தங்கிப் போயிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பம் முடிவாகும்வரை, வேறு வழியில்லாதவருக்கு 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின் 95ஆம் பிரிவுப்படி இடமும் சிறு தொகையும் கிடைக்கும், உண்மைதான். 2024 ஜனவரியில் அந்தத் தொகையை ஆளுக்கு வாரம் 49.18 பவுண் என்று வைத்தார்கள். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்கு 8.86. வேலைக்குப் போகவும் முடியாது. முடிவு 12 மாதத்துக்கு மேல் இழுபட்டால்தான் அனுமதியே கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். இப்படி இரண்டு மூன்று வருடம் இருந்தவரிடம் சேமிப்பு எங்கே இருக்கும்?

அவர் தெருவுக்கு வருவது பெரும்பாலும் முடிவு வந்த பிறகுதான். மறுப்பு வந்து அப்பீலும் முடிந்துவிட்டால் இடம் போய்விடும். மறுக்கப்பட்டவர்களுக்கு உதவ அதே சட்டத்தில் 4ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் நிபந்தனைகள் எல்லோருக்கும் பொருந்தாது. இது பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை, விசா கிடைத்தவருடையது. அகதி என்று ஏற்றுக்கொண்டவுடன் அரசாங்க இடத்தை விட்டு வெளியேற வேண்டும். வழமையான கணக்கு 28 நாள். 2024 டிசம்பரில் சோதனையாக அதை 56 நாளாக்கிப் பார்த்தார்கள், அதனால் அவருடைய கடிதத்தில் என்ன திகதி இருக்கிறதோ அதைப் பார்த்தே எண்ணுங்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகையின் முதல் பணம் வர ஐந்து வாரம், அதாவது 35 நாள். முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன். வாடகை வீட்டுக்கு டெபாசிட் வேண்டும். பிள்ளைகள் இல்லாத, நோய் இல்லாத ஒரு தனி ஆளுக்குத் தற்காலிக இடம் கொடுக்கவேண்டிய கட்டாயம் கவுன்சிலுக்குப் பெரும்பாலும் இல்லை. நல்ல செய்தி வந்த மாதமே வீடில்லாமல் போவது இப்படித்தான். எங்களிடம் வந்த நான்கு பேரில் மூன்று பேர் கையில் விசாவோடு வந்தவர்கள்.

சரி, எப்படிக் கொடுப்பது? நேரடியாக யாரையும் கூட்டிவராதீர்கள். ‘ரெஃப்யூஜீஸ் அட் ஹோம்’, ‘ரூம் ஃபார் ரெஃப்யூஜீஸ்’ போன்ற அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. இடமில்லாதவர்களுக்கு உதவும் பல சிறு தொண்டு அமைப்புகளை ‘நாக்கோம்’ என்ற வலையமைப்பு இணைக்கிறது. எங்களைப் பொறுத்தவரை, வீட்டுக்கு வந்து பார்த்து, கதைத்து, பிறகுதான் ஒருவரை அனுப்பினார்கள். பிரச்சினை வந்தால் நடுவில் நின்று கதைக்க ஒரு ஆள் இருப்பது உங்களைவிட அவருக்குத்தான் பெரிய பாதுகாப்பு. உங்களிடம் கோபித்துக்கொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார். வாடகை வாங்கக் கூடாது. எத்தனை வாரம் என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். முடியுமானால் பிறகு நீட்டலாம். திகதி சொல்லாமல் விடுவது அன்பு மாதிரித் தெரியும், ஆனால் ஒவ்வொரு காலையும் அவரைப் பயத்தோடு எழும்ப வைக்கும்.

கேஸ் இன்னும் முடியாதவர் என்றால் முகவரி விஷயத்தில் மிகக் கவனம். வீடு மாறினால் ஹோம் ஆபீசுக்கும் (தஞ்ச விண்ணப்பங்களை முடிவு செய்யும் உள்துறை அமைச்சு) சட்டத்தரணிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். நேர்முகக் கடிதம் பழைய இடத்துக்குப் போய், அவர் போகாமல் விட்டால், கேஸைக் கைவிட்டதாகவே ஹோம் ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம். மறுப்புக்கு எதிராக அப்பீல் போடப் பொதுவாக 14 நாள்தான். நாங்கள் வாசலில் தனியாக ஒரு தட்டு வைத்திருந்தோம், அவருடைய கடிதம் மட்டும் அதில் விழும். அரசாங்க இடத்திலிருந்து உங்களிடம் மாறுபவர், வாராந்தத் தொகையை மட்டும் தொடர்ந்து பெற விண்ணப்பிக்கலாம். அதை ஒழுங்குபடுத்தாமல் மாற வேண்டாம்.

அவர் கதையை நீங்களாகக் கேட்காதீர்கள். ஹோம் ஆபீசிடம் ஒருமுறை, சட்டத்தரணியிடம் ஒருமுறை, சிலர் நீதிமன்றத்தில் இன்னொருமுறை, அடி வாங்கியதைத் திகதியோடு சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். ஒரு ஜீபியிடம் (குடும்ப வைத்தியர்) அவரைப் பதிந்துவிடுங்கள், முகவரி ஆதாரம் இல்லையென்று மறுக்கக் கூடாது என்பது விதி.

எங்களிடம் முதலில் வந்த பையன் ஒன்றரை வருடம் ஹோட்டலில், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவன். வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்தபோது, “எத்தனை மணிக்குள்ள வரவேணும் அக்கா?” என்று கேட்டான். உன் வீட்டுக்கு நீ எப்போதும் வரலாம் என்றேன். அவனுக்கு அது விளங்க இரண்டு வாரம் எடுத்தது; அதுவரை ஏழு மணிக்கே வந்து அறைக்குள் இருந்தான். அதனால், நல்ல கட்டில் மெத்தையெல்லாம் பிறகு பார்க்கலாம். ஆள் வருவதற்கு முன்னரே அந்த அறைக் கதவுக்கு உள்ளிருந்து பூட்டும் பூட்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.