நகைச்சீட்டு: பதினோராவது தவணையைக் கட்டலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு நகைக்கடையில் அம்மா மாதம் 5,000 ரூபாய் வீதம் 10 மாதம் சீட்டு கட்டியிருக்கிறார். தையில் தங்கைக்குக் கல்யாணம். அதே கடையின் வேறு ஊர்க் கிளை போன வாரம் திடீரென்று பூட்டப்பட்டது. கேட்டால், "ஸ்டாக் எடுக்கிறோம், நீங்க கடைசித் தவணையைக் கட்டிட்டு அடுத்த மாசம் வாங்க" என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆளுக்கு 2,000 ரூபாயும் ஒரிஜினல் சீட்டு அட்டையும் கொடுத்தால் பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அட்டையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) எண், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் இருக்கிறது. பணம் பத்திரம்தானே?

பதில்: கட்டாதீர்கள். பதினோராவது தவணையும் வேண்டாம், அந்த 2,000 ரூபாயும் வேண்டாம். நாளைக்குக் கடை திறக்கும் நேரத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போய், 50,000 ரூபாய்க்கு என்ன நகை கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதிர்வுக்கு முன் முடித்தால் போனஸ் கிடையாது, சேதாரத் தள்ளுபடி கிடையாது என்பார்கள். போகட்டும். கிடைத்தாலும் அது ஒரு தவணைக்குப் பக்கத்தில்தான் வரும். அதற்காக மற்ற பத்துத் தவணையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு ஆரம்தான் வேண்டும், அந்த டிசைன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காசு கேட்டால் "சீட்டுக்குக் காசு தர மாட்டோம்" என்பார்கள். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். சண்டை போட வேண்டாம். கல் வைக்காத சங்கிலியோ வளையலோ எடுங்கள். கல்லின் எடையைத் தனியாகக் கழித்துப் பில் போட வேண்டும் என்று அவர்களோடு மல்லுக்கட்ட இது நேரமில்லை. நகையில் ஹால்மார்க்கோடு 6 எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. குறியீடு இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே நின்று அடித்துப் பாருங்கள், தூய்மையும் என்ன வகை நகை என்பதும் வரும். வளையலைக் கையில் வைத்திருக்கும்போது மோதிரம் என்று காட்டினால் வாங்காதீர்கள். பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

அந்த எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். பி.ஐ.எஸ். பதிவு ஹால்மார்க் நகை விற்க, ஜி.எஸ்.டி. எண் வரி கட்ட. பொதுமக்களிடம் மாதாமாதம் பணம் வசூலிக்க இரண்டுமே அனுமதி ஆகாது. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டியதற்கு ஒரு ரூபாய்க்கும் கிடையாது. பதிவு பெற்ற ஏலச்சீட்டு நிறுவனம்கூட 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை காட்டியாக வேண்டும். நகைக்கடைச் சீட்டில் அதுவும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் அம்மா அந்த முதலாளிக்கு ஈடு வாங்காமல் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார்.

ஏன் 11 மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? கம்பெனியாகப் பதிவான கடை, பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கழித்துவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை என்ற கணக்கில் போய், கட்டுப்பாடுகள் வந்து உட்காரும். வாடிக்கையாளர் மேலுள்ள பாசத்தால் யாரும் ஒரு மாதத்தைக் குறைக்கவில்லை.

பொறுப்பான முதலாளி, கிராம் கணக்கில் (கட்டிய பணத்தை அன்றைய விலைக்குக் கிராமாக எழுதிக் கொடுத்து) சீட்டுப் பிடித்தால் அன்றன்றைக்கு வந்த பணத்துக்கு அன்றன்றைக்கே தங்கம் வாங்கி வைத்துவிடுவார். அப்புறம் விலை எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் புதுக் கிளை திறப்பார்கள், நடிகரை வைத்து விளம்பரம் எடுப்பார்கள். 2024 தொடக்கத்தில் பவுன் 47,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் 90,000த்தைத் தாண்டியது. பழைய விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கம் வாங்கி வைக்காதவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷோகேஸில் தட்டுகள் காலியாக இருக்கின்றனவா, துணியை விரித்து மறைத்திருக்கிறார்களா என்று போகும்போது பாருங்கள். எனக்குக் கணக்குப் புத்தகத்தைவிட அது நம்பகமான சாட்சி.

சரி, நகையும் இல்லை, "அடுத்த வாரம்" என்கிறார்கள் என்றால்? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நகை தரத் தயார் என்று கடை சொல்லிக்கொண்டிருக்கும்வரை, அது பொருளுக்கு வாங்கிய முன்பணம், வியாபார விவகாரம். நகை தர முடியாமல், பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் வந்து 15 நாள் தாண்டிவிட்டால், 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டப்படி அதே பணம் வைப்புத்தொகை ஆகிவிடும். அப்புறம் அது குற்ற வழக்கு. அதனால்தான் "முடியாது" என்ற வார்த்தை மட்டும் கவுன்ட்டரில் யார் வாயிலிருந்தும் வராது. அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்களிடம் ஒரு தாள் வேண்டும். "இன்ன தேதிக்குள் நகை கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று நாலு வரி எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். பூட்டிய கடையிலிருந்து திரும்பி வந்தாலும் உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

கடை பூட்டிவிட்டால் நேரே போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிடுவது வழக்கம். புகாருக்குக் கட்டணம் கிடையாது, இடைத்தரகர் தேவையில்லை, தனியாளாகவே கொடுக்கலாம். வசூல் செய்யும் அந்தக் குழுத் தலைவரால் நீங்கள் செய்ய முடியாத எதையும் செய்ய முடியாது. இப்படிப்பட்டவர்களில் சிலர் நூறு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடமே தனியாகப் பேரம் பேசி முடித்துக்கொள்வதும் உண்டு. அட்டைதான் உங்கள் சாட்சி. போலீஸ் கேட்டாலும் முதலில் நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தையும், கடையிலிருந்து வந்த குறுஞ்செய்திகளையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சிறை 10 ஆண்டு வரை, சொத்தை முடக்கலாம், சென்னை, மதுரை, கோவையில் தனி நீதிமன்றங்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சொத்தைக் கண்டுபிடித்து, அரசாணை வாங்கி, வருவாய் அலுவலர் கைக்குப் போய், நீதிமன்றம் உறுதி செய்து, ஏலம் விட்டுப் பங்கு பிரிப்பதற்குள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் வளைகாப்புக்குக்கூட வராது. வெள்ளம், தேர்தல், பட்டா என்று ஓடிக்கொண்டிருக்கும் அதிகாரியிடமே இதையும் கொடுத்தால் எப்படி நடக்கும்? நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் ஓடிப்போனவர் மேல் வாங்கிய உத்தரவைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில்தான் மாட்டலாம். நாளைக் காலையே போகச் சொல்வது அதனால்தான்.

ஒருவேளை நகைக்குப் பதில் செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். "செக் வாங்கிட்டீங்களே, கணக்கு முடிஞ்சுது" என்று எழுதி நீட்டும் தாளில் கையெழுத்தும் வேண்டாம். பணம் கணக்கில் ஏறட்டும். செக்கின் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். பணமில்லாமல் திரும்பினால், வழக்குப் போட, வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும். "இன்னொரு தடவை போடுங்க" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பது இந்த நாட்களைக் கடத்தத்தான்.