துள்ளிய மீனில் ஹீமட்டோக்ரிட் ஏன் ஏறுகிறது?

கேள்வி: ரெயின்போ டிரவுட் மீன்களை வைத்து முதுகலை ஆய்வு செய்கிறேன். வலையில் துள்ளிய மீன்களில் ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தின் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கு) 25 சதவீதத்திலிருந்து 31 ஆகிவிடுகிறது. ஹீமோகுளோபின் மட்டும் 100 மில்லிக்கு 8 கிராம் என்று அப்படியே நிற்கிறது. சென்ட்ரிபியூஜில் கோளாறா?

பதில்: சென்ட்ரிபியூஜைத் திட்டாதீர்கள், சிவப்பணுக்கள் நிஜமாகவே வீங்கியிருக்கின்றன. ஹீமோகுளோபினை ஹீமட்டோக்ரிட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள், சிவப்பணுக்களுக்குள் அது எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று தெரியும்: 32 இருந்தது 26க்குக் கீழே வந்திருக்கும். மண்ணீரல் சுருங்கிப் புது அணுக்களைத் தள்ளியிருந்தால் ஹீமோகுளோபினும் கூடவே ஏறியிருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிய ஆய்வேடுகளை நானே திருத்தியிருக்கிறேன்.

மீன் பதறியதும் ரத்தத்தில் அட்ரினலின் பாய்கிறது. சிவப்பணுச் சவ்விலுள்ள பீட்டா ஏற்பியில் அது ஒட்டினால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு கூடும், சோடியம்-ஹைட்ரஜன் மாற்றி என்ற சவ்வுப் புரதம் வேலையைத் தொடங்கும். சோடியம் உள்ளே வர, ஹைட்ரஜன் அயனி வெளியே போகும். அமிலம் குறைவதால் அணுவுக்குள் பைகார்பனேட் சேரும். அதை பேண்ட் 3 என்ற இன்னொரு சவ்வுப் புரதம் வெளியே விட்டு, ஒன்றுக்கு ஒன்றாகக் குளோரைடை வாங்கிக்கொள்ளும். சோடியமும் குளோரைடும் சேர்ந்தால் என்ன? உப்புதான். உப்பு போன இடத்துக்குத் தண்ணீரும் போகும்.

மீனுக்கு இதில் லாபம் உண்டு. அமிலம் ஏறினால் டிரவுட்டின் ஹீமோகுளோபின், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் முழுதாக நிரம்பாது. இதை ரூட் விளைவு என்பார்கள். துள்ளும் தசையிலிருந்து அமிலம் கொட்டுகிற நேரத்தில் அணுவின் உட்புறத்தையாவது காப்பாற்றினால்தான் செவுளில் ஆக்சிஜனை ஏற்ற முடியும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. வெளியே தள்ளிய ஹைட்ரஜன் அயனி பிளாஸ்மாவின் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிச் சட்டென்று உள்ளே திரும்பிவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். அந்த வினையை வேகப்படுத்தும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி டிரவுட்டின் பிளாஸ்மாவில் கிடையாது, அணுவுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சோடியம்-ஹைட்ரஜன் மாற்றி ஜெயிக்கிறது. அணு உடைந்து நொதி வெளியே கசிந்தால் கதை மாறும். மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சி, பிளாஸ்மா சிவந்துபோன மாதிரியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

சரி, அமைதியான மீனின் அளவு எப்படிக் கிடைக்கும்? முதுகுத் தமனியில் மெல்லிய குழாய் பொருத்தி, ஒரு நாளாவது இருட்டுப் பெட்டியில் ஓய்வு கொடுத்துவிட்டு எடுப்பதுதான் நம்பகமான வழி. வால் பகுதியில் குத்தி எடுத்தால் எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். எடுத்த ரத்தத்தைச் சிரிஞ்சிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். மீனின் சிவப்பணுவில் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு, அது சும்மா இருக்காமல் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் இந்த வீக்கம் இன்னும் அதிகமாகும். சோதனைக் குழாயில் அட்ரினலின் சேர்த்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அணுக்களை உப்புக் கரைசலில் கழுவி ஓர் இரவு 4 டிகிரியில் வைத்துவிட்டு மறுநாள் தொடங்குங்கள்.

அப்புறம், இந்த எண்களைக் கெண்டைக்கு அப்படியே பொருத்த வேண்டாம். அதில் ஆக்சிஜன் குறைந்தால்தான் இந்த விளைவு தெளிவாகத் தெரியும்.