ஐந்து பேருக்கு எத்தனை சிம்?

கேள்வி: அப்பா, அம்மா, பிள்ளையோடு முதல்முறையாக சிங்கப்பூர், மலேசியா போகிறோம். செல்போன் செலவு கட்டுப்படியாக என்ன வழி? ஆளுக்கொரு சிம் வாங்க வேண்டுமா?

வேண்டாம், இரண்டு இணைப்பு போதும். போன வருடம் மே விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் (நான், மனைவி, மகள், அப்பா, அம்மா) திருச்சியிலிருந்து கிளம்பி இதே சுற்றுதான் சுற்றி வந்தோம். சிங்கப்பூரில் நான்கு நாள், கோலாலம்பூரில் மூன்று நாள். ஐந்து பேருக்கும் ரோமிங் பேக் (நம்மூர் சிம்மே வெளிநாட்டிலும் வேலை செய்யப் போடும் ரீசார்ஜ்) போட்டுவிடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். வந்த தொகையைப் பார்த்த மனைவி, "அதுக்கு இன்னொரு டிக்கெட் வாங்கி எங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்" என்றாள். அதற்கப்புறம்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

யோசித்துப் பார்த்தால், ஐந்து பேரும் ஐந்து திசையில் போகப்போவதில்லை. மிஞ்சிப்போனால் இரண்டு கூட்டமாகப் பிரிவோம். பெரியவர்கள் ஓட்டலில் படுத்திருப்பார்கள், மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். அப்படியானால் கூட்டத்துக்கு ஒரு இணைப்பு இருந்தால் போதும். மற்றவர்கள் அதிலிருந்து ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். என் போனுக்கு இரண்டு நாட்டிலும் வேலை செய்யும் ஒரு இசிம் (அட்டை இல்லாமல், இணையம் வழியே போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்), மனைவி போனுக்கு சாங்கி விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் ஒரு சிம் என்று முடிவானது.

இரண்டையும் ஒரே வகையாக வாங்காததற்குக் காரணம் உண்டு. பயணிகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் இசிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். அதற்கு போன் நம்பர் கிடையாது. வாட்ஸ்அப், மேப் எல்லாம் ஓடும், ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களைச் சாதாரணமாகக் கூப்பிட முடியாது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும் சிம்மில் எட்டு இலக்க சிங்கப்பூர் நம்பர் வரும். இதன் அருமை மூன்றாம் நாள் தெரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இசிம்மை ஊரிலேயே, வீட்டு வைஃபையில் போனில் ஏற்றிவிடுங்கள். அதை ஏற்றவே இணையம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் முழிப்பவர்கள் நிறைய. உங்கள் போன் இசிம்மை ஏற்குமா என்றும் முன்பே பாருங்கள். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் கிடையாது. என் மனைவியின் போனிலும் இல்லை.

இனி நாங்கள் செய்த தப்புகள்.

முதல் தப்பு அப்பாவின் பட்டன் போன். பழைய 2ஜி போன் அது. ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று அதற்கும் ரோமிங் போட்டு ரீசார்ஜ் செய்தேன். சாங்கியில் இறங்கி அரை மணி நேரம் ஆகியும் சிக்னல் கோடு ஒன்றுகூட வரவில்லை. சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழு நாளும் அப்பா அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மணி பார்த்தார். அதுவும் இந்திய நேரம்.

இரண்டாவது தப்புதான் நிஜமாகவே வலித்தது. மனைவி போனில் சிங்கப்பூர் சிம்மைப் போட, அவளுடைய இந்திய சிம்மைக் கழற்றினோம். சிம் ஊசி கொண்டுபோகவில்லை. அம்மாவின் வளையலில் மாட்டியிருந்த ஊக்குதான் கைகொடுத்தது. கழற்றிய சிம்மை ஒரு டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கைப்பையில் வைத்தாள். இரண்டாம் நாள் இரவு நுழைவுச்சீட்டு ஒன்றை அவள் கார்டில் ஆன்லைனில் வாங்கப் போனால் ஓடிபி கேட்கிறது. ஓடிபி வரும் நம்பர் டிஷ்யூ பேப்பரில் இருக்கிறது. அந்த டிஷ்யூ பேப்பரில்தான் மகள் அன்று மதியமே ஐஸ்கிரீம் கையைத் துடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தாள். ஊருக்கு வந்து டூப்ளிகேட் சிம் வாங்கினோம். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்ற விதி இருப்பதால் அதற்கும் ஒரு நாள் காத்திருந்தோம்.

ஆகவே வங்கியோடு இணைந்த இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். இரண்டு சிம் போடும் போன் என்றால் வெளிநாட்டு சிம்மை இரண்டாவது இடத்தில் போடுங்கள். கிளம்பும் முன் இந்திய நம்பருக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட்டு, இருப்பதிலேயே சின்ன பேக் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நம்மூர் நள்ளிரவு வரைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. டேட்டா ரோமிங்கை மட்டும் அந்த சிம்மில் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்துவிடும், அதற்கு டேட்டா தேவையில்லை. கழற்றியே ஆக வேண்டும் என்றால் பாஸ்போர்ட்டின் உள் அட்டையில் வேண்டாம், அதன் உறையில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள்.

இந்திய நம்பர் உயிரோடு இருந்தால் இன்னொரு தொல்லையும் சேர்ந்து வரும். வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு போகும். மெரினா பே பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு அழைப்பு, ஊரில் யாருக்கோ என்னமோ என்று பதறி எடுத்தால், "சார், பர்சனல் லோன் தேவைப்படுதா?" அந்த லோனை வாங்கித்தான் அந்த அழைப்புக்குக் காசு கட்டியிருக்க வேண்டும். எதுவானாலும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்று சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு சிம் போட்டாலும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும்; நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் ஒரு ஆபத்து: அதில் சேரும் போன் வீட்டு வைஃபையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மகள் முதல் நாள் எடுத்த அத்தனை வீடியோவையும் அவள் போன் கமுக்கமாக கூகுள் போட்டோஸில் ஏற்றி, ஒரே மாலையில் என் டேட்டாவில் 3 ஜிபியைத் தின்றுவிட்டது. அம்மாவின் போன் பங்குக்கு, எங்கள் சொந்தக்காரக் குழுவின் காலை வணக்க வீடியோக்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஊரிலேயே போட்டோ பேக்கப், வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவது, ஆப் அப்டேட் மூன்றையும் அணைத்து, கூகுள் மேப்பில் அந்த ஊர் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். பேக்கப்பெல்லாம் இரவு ஓட்டல் வைஃபையில் நடக்கட்டும். ஹாட்ஸ்பாட் பேட்டரியையும் உறிஞ்சும். பவர் பேங்க் எடுத்துப் போங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது.

சரி, அந்த மூன்றாம் நாள். லிட்டில் இந்தியாவில் மாடி மாடியாக விரியும் ஒரு பெரிய கடையில் அப்பா தொலைந்துபோனார். டார்ச் லைட் பார்க்கிறேன் என்று ஒதுங்கியவரைக் காணவில்லை. கையில் செத்த போன். ஆனால் முதல் நாளே மகள் ஒரு துண்டுச்சீட்டில் ஓட்டல் பெயரையும் மனைவியின் சிங்கப்பூர் நம்பரையும் எழுதி அவர் பையில் வைத்திருந்தாள். அப்பா நேராக பில் போடும் பெண்ணிடம் போய்த் தமிழிலேயே, "தாயி, இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுத் தர்றியா" என்று கேட்டிருக்கிறார். அந்த ஊரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அந்தப் பெண்ணுக்கும் காரைக்குடிப் பக்கமாம். உள்ளூர் அழைப்பு, ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. டேட்டா மட்டும் இருக்கும் இசிம் இரண்டு வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது. அந்தச் சிம்முக்குக் கொடுத்த 12 வெள்ளி (அங்கே டாலரைத் தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள்) எனக்கு அப்போதே ஈடாகிவிட்டது.

கோலாலம்பூருக்குப் பேருந்தில் போனோம். உட்லண்ட்ஸ் பக்கம் வரும்போதே, எல்லையைத் தாண்டும் முன்பே, மனைவி போன் மலேசிய டவரைப் பிடித்துவிட்டது. அந்தப் பகுதியில் இது சகஜம்; நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். மலேசியாவில் அவளுக்குத் தனியாக சிம் வாங்கவில்லை. பத்துமலையில் 272 படி ஏற அம்மாவால் முடியாது என்று அவளும் அம்மாவும் கீழேயே இருந்தார்கள். முருகன் சிலைக் காலடியில், பதினொன்றரை மணிக்கு என்று பேசிவைத்தோம். அதற்கு எந்த பேக்கும் தேவைப்படவில்லை.

ஐந்து பேருக்கு ஏழு நாளைக்கு, அப்பா போனுக்கு வீணாகப் போட்ட ரீசார்ஜையும் சேர்த்து, ஏறத்தாழ 3,000 ரூபாய் ஆனது. வழியில் துபாயில் இறங்கும் யோசனை இருந்தால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் ஓடாது. ஊரில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லாமல் போனால், போன் எடுக்கவில்லையே என்று அவர்கள்தான் பதறுவார்கள்.