மூன்றரை யாருடைய கணக்கு?

அன்புள்ள ஐயா,

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மோட்டார் பேனல் பெட்டி செய்யும் சிறிய பட்டறை. 2 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் பெட்டியின் உடலை ஒரே துண்டாக மடிக்கிறோம். வெளி அளவு: உதடு 15, பக்கம் 150, முதுகு 300, மறுபடி 150, 15. மொத்தம் நான்கு மடிப்பு. மடிப்பின் உள் ஆரம் 2, கே ஃபேக்டர் 0.42 என்று வைத்துச் சூத்திரம் போட்டால் ஒரு மடிப்புக்கு 3.54 கழிக்க வேண்டும் என்று வருகிறது. எங்கள் மேஸ்திரி பேனாவே எடுக்காமல் மூன்றரை கழிக்கச் சொல்கிறார். அதன்படி மொத்த அளவு 630இல் நான்கு மடிப்புக்கு 14 கழித்து, 616 வெட்டி மடித்தோம். உதடும் பக்கமும் சரியாக இருக்கின்றன, முதுகு மட்டும் 301 வந்து நிற்கிறது. கதவு பொருந்தவில்லை. 12 டையின் (தகடு அழுந்தி மடியும் V வடிவப் பள்ளம், வாய் அகலம் 12 மி.மீ.) வாய் தேய்ந்துவிட்டதால் இப்போது 16 டை மாட்டியிருக்கிறோம். புத்தகமும் மேஸ்திரியும் ஒன்றையே சொல்லும்போது தவறு எங்கே இருக்கிறது? மேலும், தகடு இப்போது லேசரில் வெட்டி வருகிறது. இனிக் கையால் மார்க்கிங் கற்றுக்கொள்வது வீண்தானா?

மு., பாலக்கோடு

அன்புள்ள மு.,

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிறபோக்கில் எழுதிய அந்த டை சமாச்சாரம்தான் அது.

தகட்டை மடிக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் அமுங்குகிறது. நடுவில் ஓர் அடுக்கு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்த அடுக்கு உட்புறத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைத் தகட்டுக் கனத்தின் பங்காகச் சொல்வதுதான் கே ஃபேக்டர். 0.42 நியாயமான மதிப்பு, அதில் குறையில்லை. உங்களை ஏமாற்றியது ஆரம். 2 என்பது எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் போட்டிருக்கும், அல்லது மேலிருந்து தகட்டை அழுத்தும் பஞ்சின் முனையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். தகட்டை டையின் அடிவரை அழுத்தி நசுக்காமல், வாயின் இரு விளிம்புகளில் தாங்கவிட்டு மடிக்கிற வேலையில் பஞ்ச் முனை பெரும்பாலும் ஆரத்தைத் தீர்மானிப்பதில்லை. டையின் வாய் அகலமே தீர்மானிக்கிறது. சாதாரண எம்.எஸ். தகட்டில் உள் ஆரம் வாய் அகலத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் வரும். 12 டையில் 1.9, கிட்டத்தட்ட உங்கள் 2. 16 டையில் இரண்டரை.

இப்போது இரண்டரையை வைத்துப் போடுங்கள். 90 பாகை மடிப்பில் வளைவு தின்னும் நீளம் 1.57 × (2.5 + 0.84), அதாவது 5.25. இதில் 0.84 என்பது கே ஃபேக்டர் 0.42ஐக் கனம் 2ஆல் பெருக்கியது. வெளி அளவுகள் இரண்டும் மூலையில் சந்திக்கும் தூரம் ஒவ்வொரு பக்கமும் ஆரமும் கனமும் சேர்ந்து 2.5 + 2, இரண்டும் சேர்ந்து 9. ஒன்பதில் 5.25 போனால் 3.75. நான்கு மடிப்புக்கு 15. ஆகவே வெட்ட வேண்டியது 615. நீங்கள் வெட்டியது 616. முதுகில் வந்த ஒரு மில்லிமீட்டர் இதுதான்.

அது ஏன் முதுகில் மட்டும் வந்தது? நீங்கள் இரு ஓரங்களிலிருந்தும் உதட்டை முதலில் மடித்து, பிறகு உதட்டின் முகத்தை ஸ்டாப்பரில் முட்டவைத்துப் பக்கத்தை மடிக்கிறீர்கள். 15 சரியாக வரும்வரை ஸ்டாப்பரை நகர்த்துகிறீர்கள், 150க்கும் அப்படியே. அளந்து அளந்து சரிசெய்யப்பட்ட இடங்களில் பிழை தங்க முடியாது. யாரும் ஸ்டாப்பர் வைக்காத கடைசி அளவில் நான்கு மடிப்பின் மிச்சமும் போய்ச் சேர்கிறது. ஒரே ஓரத்திலிருந்து வரிசையாக மடித்திருந்தால் முதுகு ஒழுங்காக வந்து, கடைசி உதடு 16 ஆகியிருக்கும். கதவும் பொருந்தியிருக்கும், யாரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள்.

உங்கள் மேஸ்திரியை ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டேன். அவருடைய மூன்றரை 12 டையில் மடித்து, அளந்து, கழித்துப் பெற்ற எண். அளந்த கதை மறந்து எண் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. உங்கள் சூத்திரமும் தற்செயலாக அதே டையைத்தான் கணக்கிட்டது. இருவரும் ஒத்துப்போனதால் சந்தேகம் வரவில்லை. அதற்காக 12 டையைத் திரும்ப மாட்டச் சொல்லவில்லை. கனத்தைப் போல் எட்டு மடங்கு வாய் என்ற பொது வழக்கப்படி 2 மி.மீ. தகட்டுக்கு 16தான் முறையான டை. 12 டையில் மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 22 டன் அழுத்தம் வேண்டும், 16 டையில் 17 போதும்.

3.75 என்று நான் எழுதியதையும் அப்படியே நம்ப வேண்டாம். அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள நான்கைந்து துண்டுகள் வெட்டிப் பிசிறு நீக்குங்கள். நடுவில் மடியுங்கள். முதலில் கோணத்தைப் பாருங்கள். அது 90 இல்லையென்றால் அளப்பதில் பயனில்லை. அழுத்தத்தை விட்டதும் எம்.எஸ். தகடு ஒரு பாகை அளவுக்கு விரியும், அதையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு இரு கால்களின் வெளி அளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். நூறுக்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுவே உங்கள் இயந்திரத்தில், இந்த டையில், இந்தத் தகட்டுக்குக் கழிக்க வேண்டிய எண். அதை டையின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிவைக்கும்படி மேஸ்திரியிடமே சொல்லுங்கள், மகிழ்வார். தகட்டின் கனத்தையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். 2 என்று வருவது 1.9 ஆக இருந்தால் மடிப்புக்கு 0.13 மாறும், நான்கு மடிப்பில் அரை மில்லிமீட்டர். கேஜ் எண் சொல்லி வாங்கும் தகட்டில் இது இன்னும் மோசம். 16 கேஜ் என்றால் பிரிட்டிஷ் அட்டவணையில் 1.63, அமெரிக்க அட்டவணையில் 1.52.

லேசர் பற்றிக் கேட்டீர்கள். 616 என்று கொடுத்தால் அது 616ஐ மிகத் துல்லியமாக வெட்டித் தரும், அவ்வளவே. மடிப்புக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதைக் கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் அந்த எண் தவறு என்று தெரியும். உங்கள் உதட்டுக்கு, பஞ்ச் இறங்கும் கோடு ஓரத்திலிருந்து 15இல் இல்லை. கழிவில் பாதியை எடுத்துவிட்டு 13.1இல் இருக்கிறது. சில பெட்டிகளுக்காவது மூலைமட்டமும் ஸ்க்ரைபரும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மடிப்புக்கோட்டை மட்டும் உட்புறமாக வரும் முகத்தில் போடுங்கள். வெளிப்புறத்தில் ஸ்க்ரைபர் கீறல் இருந்தால், குறிப்பாக அலுமினியத்தில், அங்கிருந்து விரிசல் தொடங்கும். அலுமினியத்துக்குப் பென்சில் போதும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை வந்தால் இந்த எண்ணை எடுத்துப் போகாதீர்கள். அதே 16 டையில் எஸ்.எஸ். தகடு இன்னும் பெரிய ஆரத்தில் வளையும், திரும்பி விரிவதும் இரண்டு மூன்று பாகை இருக்கும். அதற்குத் தனியாகத் துண்டு வெட்டி அளக்க வேண்டும்.