தீப்பாதுகாப்பு கேள்வி – பதில்: பூங்காவும் பொதுக் கட்டடமும்

பூங்கா, நூலகம், அரங்கம், அருங்காட்சியகம் போன்ற இடங்களில் தீப்பாதுகாப்பைக் கவனிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: பூங்காவுக்குள் இருக்கும் நூலகத்தின் சுவரை ஒட்டிய பாத்திகளில் மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பியிருக்கிறோம். அதில் புகை வந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். மூன்று மணி நேரத்தில் மறுபடியும் புகைகிறது. ஏன்? (பூங்காக் கண்காணிப்பாளர்)

நன்றாகக் காய்ந்த மரப்பட்டையும் சருகும் தண்ணீரை லேசில் உறிஞ்சாது. ஊற்றியதில் பெரும்பகுதி மேலாகவே வழிந்து ஓடியிருக்கும். அடியில் கங்கு அப்படியே இருந்திருக்கும். அணைக்காமல் வீசிய ஒரு சிகரெட் துண்டு போதும். சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே நகரும். காற்று வீசும்போதோ யாராவது கிளறும்போதோதான் சுவாலை எழும்பும். நூலகச் சுவரை ஒட்டி இருப்பதால், மரச் சன்னல் சட்டமோ பிளாஸ்டிக் குழாயோ பக்கத்தில் இருந்தால் தீ அங்கிருந்தே கட்டடத்துக்குள் போய்விடும்.

மேலே தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்தாதீர்கள். ஹோஸைத் தயாராக வைத்துக்கொண்டு, புகையும் இடத்துக்கு வெளியே அரை மீட்டர் தள்ளித் தொடங்கி, மண் தெரியும் வரை மண்வெட்டியால் தோண்டுங்கள். தோண்டியதைப் பரப்பி, நனைத்து, புரட்டி, மறுபடியும் நனையுங்கள். பிறகு புறங்கையை மெல்லக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். வெப்பக் கேமரா இருந்தாலும் அது மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும், அடியில் இருக்கும் கங்கைக் காட்டாது. அதனால் தோண்டாமல் கேமராவை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர் உள்ளே இறங்க, ஏ வகுப்புத் தீக்கான (மரம், காகிதம் போன்றவற்றில் பிடிக்கும் தீ) நுரைக் கரைசலை 100 லிட்டருக்கு அரை லிட்டர் கலந்தால் நல்ல பலன் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள்.

இது திரும்ப நடக்காமல் இருக்க, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மரப்பட்டையை எடுத்துவிட்டு ஜல்லியோ கூழாங்கல்லோ போடுங்கள். மற்ற இடங்களில் பட்டையின் தடிமன் 8 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மரத்தின் கீழ்க்கிளைகளையும் கவனியுங்கள். மரத்தடியில் ஒரு மீட்டர் உயரப் புதர் இருந்தால், கிளைகள் அந்தப் புதரின் உச்சிக்கு மேல் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்லில் பிடித்த தீ புதருக்கும், புதரிலிருந்து மர உச்சிக்கும் ஏறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சருகையும் வெட்டிய புல்லையும் குவிக்கும் மக்குக் குவியல், யாரும் தீ வைக்காமலே எரியக்கூடியது. நுண்ணுயிர்கள் குவியலுக்குள் சூட்டை ஏற்றுகின்றன. குவியல் பெரிதாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. நீளமான கம்பி வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குவியலைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது காற்று உள்ளே போய் சட்டென்று பற்றலாம், ஆகவே முதலில் ஹோஸ், பிறகுதான் மண்வெட்டி. குவியலின் உயரத்தை இரண்டு மீட்டருக்குள் வைத்து, கட்டடத்திலிருந்து தள்ளியே போடுங்கள்.

கேள்வி: எங்கள் அரங்கத்தின் ஜாக்கி பம்ப் (தீயணைப்புக் குழாயில் அழுத்தம் குறையாமல் பார்க்கும் சிறிய பம்ப்) ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடுகிறது. தொந்தரவாக இருந்தால் மேனுவலில் போட்டுவிடுங்கள் என்று சொல்கிறார்கள். போடலாமா? (கட்டட மேலாளர்)

போடாதீர்கள். குழாயில் எங்கோ தண்ணீர் கசிகிறது என்பதை அந்தப் பம்ப்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குழாயின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் ஜாக்கி பம்பின் வேலை. ஒரு உதாரணம்: ஜாக்கி 10 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) ஓட்டத்தை நிறுத்தும், 9.3 பாரில் ஓடத் தொடங்கும். அழுத்தம் 9.0 பாருக்கு இறங்கினால் தீயை அணைக்கத் தண்ணீர் தரும் பெரிய பம்பான மின்சார மெயின் பம்ப் கிளம்பும்; 8.3 பாருக்கு இறங்கினால் டீசல் பம்ப். ஜாக்கியை மேனுவலில் போட்டுவிட்டால், அதே கசிவு மெயின் பம்பைக் கிளப்பிவிடும். மெயின் பம்பைக் கையால்தான் நிறுத்த வேண்டும் என்பது முறை. ஆள் இல்லாத இரவில் அது தண்ணீர் வெளியேறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பின் உடலில் இருக்கும் சிறிய ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிகும்போது தண்ணீரை வெளியே விடுவது) வேலை செய்யாவிட்டால், உள்ளே தண்ணீர் கொதிநிலைக்குப் போய்ப் பம்பே பழுதாகும். அந்தத் தொந்தரவுக்காக அடுத்து மெயின் பம்பையும் ஆஃபில் போடுவார்கள். அதோடு கட்டடத்தில் தீப்பாதுகாப்பு என்று எதுவும் மிச்சமில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க, முதலில் ஜாக்கியிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் உள்ள டெலிவரி வால்வை மூடி, குழாயின் அழுத்தத்தைக் காட்டும் லைன் கேஜைப் பாருங்கள். முள் அப்படியே நின்றால், ஜாக்கியின் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுவது) வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் வால்வின் சீட்டில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். முள் இறங்கினால் கசிவு வேறெங்கோ இருக்கிறது. பகுதி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எதை மூடும்போது முள் நிற்கிறது என்று பாருங்கள். சரியாக மூடாத டெஸ்ட் வால்வு, சொட்டும் லேண்டிங் வால்வு (மாடிகளில் ஹோஸை இணைக்கும் வால்வு), மண்ணுக்கடியில் போகும் குழாயின் இணைப்பு, குறைந்த அழுத்தத்துக்கு செட் செய்த ரிலீஃப் வால்வு ஆகியவைதான் வழக்கமாகச் சிக்கும். ஐந்து நிமிடத்துக்குப் பதிலாகச் சில நொடிக்கு ஒரு முறை ஓடி நின்றால், பிரஷர் ஸ்விட்சின் இரண்டு எல்லைகளும் மிக நெருக்கமாக செட் செய்யப்பட்டிருக்கலாம். சோதனை முடிந்ததும் மூடிய ஒவ்வொரு வால்வையும் முழுக்கத் திறந்து, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். எத்தனை சுற்றில் மூடியதோ அத்தனை சுற்று திறந்ததா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

வாராந்திரச் சோதனையில் பலர் பட்டனை அமுக்கிப் பம்பை ஓட்டுகிறார்கள். மோட்டார் சுற்றும் என்பது மட்டும்தான் அதில் தெரியும். பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய குழாயின் வடிகால் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, பம்ப் தானாகக் கிளம்புகிறதா, எந்த அழுத்தத்தில் கிளம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பம்பைப் பத்து நிமிடமும், டீசலை முப்பது நிமிடமும் ஓட்டுங்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தால்தான் அதன் குறைகள் தெரியும். ஓடும்போது கிளாண்டிலிருந்து (சுழல்தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தின் அடைப்பு) நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழ வேண்டும். ‘ஒழுகுகிறதே’ என்று அதை இறுக்கிவிடுவார்கள்; உள்ளே அடைத்திருக்கும் பேக்கிங் கருகி, சுழல்தண்டின் உறையான ஷாஃப்ட் ஸ்லீவில் கீறல் விழும். கடைசியாக, செலக்டர் (ஆட்டோ, மேனுவல், ஆஃப் என்று மாற்றும் ஸ்விட்ச்) ஆட்டோவுக்குத் திரும்பியதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் கேஜே இல்லையே, நிரம்பியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

எடை போட்டுத்தான். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமும் வாயுவுமாகச் சேர்ந்தே இருக்கிறது. 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார். திரவம் கொஞ்சம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் அதே அளவில் நிற்கும் என்பதால், கேஜ் வைத்தாலும் அது உண்மையைச் சொல்லாது. சிலிண்டரில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். அது ஹோஸையும் கொம்பையும் (வாயு வெளிவரும் அகன்ற முனை) சேர்த்த எடையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப அனுப்ப வேண்டும். 4.5 கிலோ கருவியில் அது 450 கிராம். அடிக்கும்போது கொம்பைப் பிடிக்காமல் கைப்பிடியைப் பிடியுங்கள். கொம்பு கடுங்குளிராகித் தோலைப் பிடித்துக்கொள்ளும். சிறிய அறையில் அடித்தால் உடனே வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். அந்த வாயு இருக்கும் இடத்தில் மூச்சு விட முடியாது.

கேள்வி: கூரைக்கு வெள்ளையடித்தபோது ஸ்பிரிங்ளர்கள் (தீயின் சூட்டில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் முனைகள்) மேலும் பெயின்ட் பட்டுவிட்டது. தின்னர் போட்டுத் துடைத்தால் போதுமா?

போதாது, பெயின்ட் பட்டதை எல்லாம் மாற்றத்தான் வேண்டும். சூட்டில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும் கண்ணாடிக் குமிழின் மேல் படிந்த பெயின்ட் சூட்டை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். அதைவிட மோசம், குமிழ் உடைந்தாலும் மூடியை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் வராது. துடைக்கப் போனால் குமிழில் கீறல் விழலாம். புதிதாக வாங்கும்போது அதே வெப்பநிலை, அதே கே எண் (எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைக் குறிக்கும் எண்), கீழ்நோக்கியதா மேல்நோக்கியதா என்று மூன்றையும் பாருங்கள். குமிழின் நிறமே வெப்பநிலையைச் சொல்லும்: ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. அதற்கென உள்ள ஸ்பானரால்தான் திருக வேண்டும். ஸ்பிரிங்ளரின் உலோகச் சட்டகத்தின் கைகளைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் குமிழ் பாதிக்கப்படும். மாற்றுவதற்காக ஆறு ஸ்பிரிங்ளராவது, அந்த ஸ்பானரோடு, பம்ப் அறையில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். கீழே அடுக்கும் பொருள்களுக்கும் ஸ்பிரிங்ளருக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி நாட்களில் சீட்டு வாங்காமல் உள்ளே வருகிறார்கள் என்று பின்கதவுகளைப் பூட்டச் சொல்கிறார்கள். (பாதுகாப்புத் தலைமை அலுவலர்)

ஆட்கள் உள்ளே இருக்கும் வரை ஒரு கதவையும் பூட்டக் கூடாது. 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். அங்கே வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து திறக்க முடியாததாகவும், உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறப்பதாகவும் இருக்கும் குறுக்குக் கம்பிப் பூட்டைப் போடுங்கள். கதவு திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றையும் சேர்த்துவிட்டால், சீட்டில்லாமல் வருபவர்களையும் கவனித்துக்கொள்ளலாம்.

கதவு போதுமா என்று கணக்கிட, ஆளுக்கு 5 மில்லிமீட்டர் அகலம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. ஒரு மீட்டர் கதவு 200 பேருக்கு. படிக்கட்டுக்கு ஆளுக்கு 7.6 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் படி 130 பேருக்குத்தான். தீ ஒரு வாசலை அடைத்துக்கொள்ளும் என்று வைத்து, மிச்ச வாசல்களோடு கணக்குப் போடுங்கள். பூங்காவின் சுற்றுவேலியும் இதில் சேர்த்திதான். வேலிக்குள் கூட்டம் கூடினால் வேலியின் வாயில்களுக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் புகை உணரிகள் அடிக்கடி பொய் அலாரம் அடிக்கின்றன. ஊழியர்கள் இப்போது அலாரம் கேட்டாலும் எழுந்து போவதில்லை.

அந்தப் பழக்கம்தான் மிகப் பெரிய ஆபத்து. ஒவ்வொரு அலாரத்துக்கும் நேரம், எந்த உணரி, அங்கே அப்போது என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சில வாரங்களில் காரணம் தானாகத் தெரியும். துப்புரவு நேரத்தில் மட்டும் அடித்தால் தூசு. சமையலறைக் கதவருகே அடித்தால் நீராவி. அங்கே வெப்ப உணரி பொருந்தும். விளக்குக்குப் பக்கத்தில் உள்ள உணரி அடித்தால், திறந்து பார்த்தால் பூச்சி இருக்கும். வேலை நடக்கும்போது உணரிக்கு உறை போட்டால், எத்தனை போட்டோம் என்று எழுதிவைத்து, மாலையில் அத்தனையையும் எண்ணி எடுக்க வேண்டும்.

அலாரம் பேனலின் திரையில் வரும் செய்தியையும் மாற்றுங்கள். 2019 ஏப்ரல் 15-இல் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் அலாரம் சரியாகவே அடித்தது. ஆனால் காவலர் முதலில் தவறான இடத்துக்குப் போனார். உண்மையான இடத்தில் தீயைக் காண ஏறக்குறைய அரை மணி நேரம் போய்விட்டது. குறியீட்டு எண்ணுக்குப் பதிலாக ‘இரண்டாம் மாடி, கிழக்குக் கூடம், கூரைக்கு மேல்’ என்று திரையில் வர வேண்டும். புதிதாக வந்த காவலரைக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, அந்த இடத்துக்கு நடந்து போகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். பூங்கா, பொதுக் கட்டடங்களுக்கான தீப்பாதுகாப்பு நிபுணராக வேண்டும். எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

நீரியல், மின் வரைபடம் படிப்பது, உங்கள் நாட்டின் கட்டட விதிகள் ஆகிய மூன்றும் அடிப்படை. வேலையில் பாதி நடப்பதிலும் அளப்பதிலும் போகும். ஹைட்ரன்ட் (தீயணைப்பு ஹோஸை இணைக்கும் தண்ணீர்க் குழாய்முனை) சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடாதபோது 5 பார். நிமிடத்துக்கு 1000 லிட்டர் ஓடும்போது 4 பார். அழுத்தம் 1.4 பாருக்கு இறங்கும் வரை எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? முதலில் இறங்கியது 1 பார், இப்போது இறங்குவது 3.6 பார்; இறக்கங்களின் விகிதம் 3.6, அதை 0.54 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் ஏறக்குறைய 2. ஆக, நிமிடத்துக்கு 2000 லிட்டர். இந்தக் கணக்கை வருடா வருடம் போட்டால், மண்ணுக்கடியில் பாதி மூடிக் கிடக்கும் வால்வு வெளிப்பட்டுவிடும். 2018-இல் ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பக்கத்தில் இருந்த ஹைட்ரன்ட்களில் தண்ணீர் வரவில்லை. ஹைட்ரன்டைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்கிறதா, தீயணைப்பு வண்டி வரும் வழி 4 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் உயரமும் உள்ளதா, கிளை தாழ்ந்திருக்கிறதா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அறிக்கை எழுதவும் பழகுங்கள். ‘பம்ப் சரியில்லை’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். ‘அழுத்தம் 9.0 பாரிலிருந்து 6.5 பார் வரை இறக்கப்பட்டது, டீசல் பம்ப் கிளம்பவில்லை, செலக்டர் ஆஃபில் இருந்தது’ என்று எழுதினால் அன்றைக்கே சரி செய்வார்கள்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரங்களை பேட்டரிக்கு மாற்றியிருக்கிறோம். கருவி அறையில் இரவு முழுக்க சார்ஜ் போடலாமா?

ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள். சார்ஜ் போடும் இடம் வெளியேறும் வழியிலோ படிக்கட்டின் கீழோ இருக்கக் கூடாது. பெட்ரோல் கேனோடு ஒரே அறையிலும் வேண்டாம். அந்தந்தப் பேட்டரிக்கு அதனுடைய சார்ஜரையே போடுங்கள். உப்பியது, கீழே விழுந்து நசுங்கியது, தொட்டால் சுடுவது எதுவானாலும் சார்ஜ் போடாமல், கட்டடத்துக்கு வெளியே திறந்த வெளியில் தனியாக வையுங்கள். லித்தியம் பேட்டரி பற்றினால், பவுடரும் கார்பன் டை ஆக்சைடும் சுவாலையைத் தணிக்கும், சூட்டைத் தணிக்காது. உள்ளே வேதிவினை தொடரும். ஏராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதுதான் வழி. அணைந்த பேட்டரி மணிக்கணக்கு கழித்து, சில சமயம் நாட்கள் கழித்தும் மறுபடி பற்றும். ஆகவே அதை அறைக்குள் திரும்பக் கொண்டுவராதீர்கள்.