தேயிலையை விற்று டாக்டர் படிப்பு வேண்டாம்

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. மகள் உயிரியல்-கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்து, இரண்டு முறை நீட் எழுதியிருக்கிறாள். தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் அரசு இடத்துக்கு அந்த மதிப்பெண் போதாது. "தோட்டத்தைக் கொடுத்துட்டு வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். சேர்த்துடுங்கன்னு பெரிய மாமா நிக்கிறார், என்ன பண்றதுன்னே தெரியல" என்று அம்மா கண் கலங்கினார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டால் அடுத்த வாரமே பத்திரம் கைமாறிவிடும்.

விற்காதீர்கள் ஐயா. வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்தால் 300 கேள்விகள் கொண்ட தகுதித் தேர்வில் 150 சரியாக எழுத வேண்டும். அதில் தவறுகிறவர்கள் ஏராளம். தேறினாலும் இங்கே மறுபடி ஒரு வருடப் பயிற்சி. நடுவில் டாலர் விலை ஏறினால் மிச்சப் பணத்துக்கு எங்கே போவீர்கள்? பெரிய மாமா கட்டப் போவதில்லை. பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்கினாலும் அடுப்பு எரிவது அந்த இரண்டு ஏக்கரால்தான்.

அதைவிட முக்கியம், பிள்ளை டாக்டராக வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தாத்தாவுக்குப் பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து பித்தநீர் வரும் குழாயில், இருந்த கல்லுக்காகக் கோவையில் ஆபரேஷன் நடந்தபோது, ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கல் எந்தக் கிளையில் இருக்கிறது என்று நோட்டில் வரைந்திருக்கிறாள். நாளம் பிரியும் இடங்களில் அழித்து அழித்துத் திருத்தியதில் தாளே மெலிந்து போயிருக்கிறது. கேட்காமலே அந்த நோட்டை எடுத்துக் காட்டினாள்.

நர்சிங், பார்மசி, கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறொரு வேலை: ஸ்கேனைப் பார்த்து நோயாளியின் உறுப்பைப் போலவே ஒரு மாதிரியை 3டி பிரிண்டரில் அச்சிட்டு, ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜன் கையில் கொடுப்பது.

கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் மலையோடைகள் ஆற்றில் சேர்வதுபோல ஒன்றோடொன்று கூடி வெளியே வருகின்றன. வெளியே பொது நாளத்தில் சிக்கிய கல்லைப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துவிடுவார்கள், அதற்கு மாதிரி தேவையில்லை. உள்கிளைகளில் தங்கும் கற்கள்தான் சிக்கல். கிழக்கு ஆசியாவில் இந்த நோய் அதிகம். இந்த மாதிரிகளைப் பற்றிய ஆய்வுகளும் சீனாவிலிருந்து நிறைய வருகின்றன. கிளை பிரியும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். வலப்பக்கப் பின்கிளை சிலருக்கு இடது நாளத்தில் போய்ச் சேரும். அது தெரியாமல் வெட்டினால் ஆபத்து. கல்லுக்குக் கீழே நாளம் சுருங்கியிருப்பதைக் கவனிக்காமல் விட்டால், கல்லை எடுத்தாலும் திரும்ப வரும்.

சிடி ஸ்கேனில் ரத்தக்குழாய் பளிச்சென்று தெரியும், பித்தநாளம் மங்கல்தான். பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி.யில் பித்தநீர் வெள்ளையாகவும் கல் அதற்குள் கறுப்பாகவும் தெரியும். காற்றுக்குமிழும் கறுப்பாகவே தெரியும் என்பதால் இரண்டையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். இரண்டு ஸ்கேனையும் பொருத்தி, தமனி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரை, பித்தநாளம், கல் என்று ஒவ்வொன்றையும் படலம் படலமாகக் கோடிட்டுப் பிரிக்க வேண்டும். மென்பொருளில் வழவழப்பாக்கும் பொத்தானைக் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் நாளம் சுருங்கிய இடமே மறைந்து போகும். பிறகு சர்ஜனுக்குப் பொய்யான நாளம்தான் கிடைக்கும். சரியாக வந்தால், ஒளி ஊடுருவும் ரெசினில் (ஒருவகைப் பிளாஸ்டிக்) அச்சிட்ட கல்லீரலுக்குள் தனித்தனி நிறத்தில் குழாய்கள் தெரியும். எந்தப் பகுதியை எடுப்பது, கருவியை எந்தக் கோணத்தில் உள்ளே விடுவது என்று சர்ஜன் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவு செய்யலாம். உள்ளே இருக்கும் கல்லீரல் மெத்தென்று அசையும், அச்சிட்டது அசையாது. அதையும் மனதில் வைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த அச்சு வேலை ஊட்டியில் இருக்கிறது என்று ஆசை காட்ட மாட்டேன். பெருநகரங்களில்தான் தேட வேண்டும். அங்கும் கல்லீரலைவிடத் தாடை, மண்டை ஓடு, எலும்பு மாதிரிகளே அதிகம். அதனால்தான் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்றுத்தரும் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜியை முதலில் வைக்கிறேன். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணில் கவுன்சிலிங். அரசுக் கல்லூரி கிடைத்தால் தோட்டத்தில் ஒரு செடியைக்கூடத் தொட வேண்டியதில்லை. அச்சு வேலை அமையாவிட்டாலும் ஸ்கேன் சென்டர் வேலை கையில் இருக்கும். அடுத்ததாக பி.இ. பயோமெடிக்கல், கணிதம் படித்திருப்பதால் அதுவும் திறந்தே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்வதற்கு முன் அவள் ஒன்று செய்து பார்க்கட்டும். 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம். 1990-களில் பாஸ்டனில் தொடங்கியது. பயிற்சிக்கு மாதிரி ஸ்கேன்கள் அதிலேயே கிடைக்கும். லேப்டாப் இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குங்கள், புதிது வேண்டாம். ஒரு மாதம் உட்கார்ந்து கோடிட்டுப் பார்த்து அலுத்துப்போனால் அதையும் வந்து சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது இப்போதைக்கு ஒன்றுதான் ஐயா. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றீர்கள், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் கவுன்சிலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கும் சாதிச் சான்றிதழுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு கவுன்சிலிங்குக்கும் சேர்த்தே பதிவு செய்யலாம். பெரிய மாமா மறுபடி வந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.