சாம் குக்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’ பாட்டைப் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். கேட்டு உறைந்துபோனேன். உடனே அவருடைய தொகுப்பு ஒன்றைத் தேடிக் கேட்டேன். ஏமாற்றம்தான். பெரும்பாலும் இனிப்பான காதல் பாட்டுகள், பின்னால் வயலின், கோரஸ். அந்த ஒரு பாட்டு மட்டும்தான் விதிவிலக்கா?

நிர்மலா, கோவை

அன்புள்ள நிர்மலா,

விதிவிலக்கு அல்ல. நீங்கள் கேட்டது ஹிட் பாடல்களின் தொகுப்பு. வெள்ளையர் வீட்டு வானொலியிலும் ஒலிக்க வேண்டும் என்று மெருகேற்றிய பாட்டுகள்தான் அதில் பெரும்பாலும் இருக்கும். அவற்றை எடுத்துவைத்துவிட்டு, ஹார்லெம் ஸ்கொயர் கிளப் நேரடிப் பதிவைக் கேளுங்கள்.

1963 ஜனவரி 12, மயாமியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஓவர்டவுன் பகுதி. கிங் கர்ட்டிஸ் சாக்ஸபோன் வாசிக்கிறார். சாம் குக்கின் குரல் கரகரத்து, வியர்த்து, கூட்டத்தோடு மல்லுக்கு நிற்கிறது. ‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மி’ பாட்டுக்குள் அவர் நேரடியாக நுழைவதில்லை. பிணங்கிப்போன காதலியிடம் கெஞ்சுவதுபோல் பேச்சும் பாட்டுமாக நீட்டுகிறார். நடுவில் ‘யூ செண்ட் மி’ வரியைத் தொடுகிறார். 1957இல் அவரை நாடறியச் செய்த, பஞ்சுபோன்ற அந்தப் பாட்டு இங்கே கதறலாக வருகிறது. கூட்டம் அலறுகிறது. அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏவுக்கு இது மிகவும் முரட்டுத்தனமாகப் பட்டது. பதிவு அலமாரியிலேயே கிடந்து, 1985இல்தான் வெளிவந்தது. 1964 டிசம்பரில், 33 வயதில் சுட்டுக்கொல்லப்பட்ட சாம் குக் அதைப் பார்க்கவில்லை.

அந்தக் கதறல் எங்கிருந்து வந்தது என்றால், தேவாலயத்திலிருந்து. போதகரின் மகன் அவர். 1951இல் சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் (கறுப்பினத் தேவாலயங்களின் பக்திப் பாட்டு) குழுவில் முதல் பாடலைப் பதிவு செய்தபோது வயது 20. அவர்களுடைய ‘டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மெண்ட்’டைக் கேளுங்கள். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமான பெரும்பாடுள்ள, அதாவது தீராத ரத்தப்போக்குள்ள, ஸ்திரீயின் கதை. ‘ஓ’ என்ற ஒற்றை ஒலியில் அவர் போடும் சங்கதிகளைப் பிறகு காதல் பாட்டுகளிலும் அப்படியே கேட்கலாம். காஸ்பல் பாடியவர் காதல் பாட்டுக்குப் போவது அன்று துரோகம்போலப் பார்க்கப்பட்டது. அதனால் முதல் காதல் பாட்டை டேல் குக் என்ற பெயரில் வெளியிட்டார். அந்தக் குரலை யாரால் மறைக்க முடியும்?

1964இல் நியூயார்க் கோபகபானாவில் பாடிய நேரடிப் பதிவும் இருக்கிறது. சீமான்கள் சாப்பிட்டபடி கேட்கும் இடம். அதைப் போலி என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே மேடையில் 1958இல் தோற்றுப் போனவர் அவர். திரும்பி வந்து அந்தச் சபையை வென்றார். அங்கே பாப் டிலனின் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’டையும் பாடினார். ஒரு வெள்ளை இளைஞன் எழுதிய அந்தப் பாட்டு, இப்படி ஒன்றை நாம் எழுதவில்லையே என்று அவரை உறுத்தியிருந்தது. 1963 அக்டோபரில், லூசியானா மாநில ஷ்ரீவ்போர்ட்டில் முன்பதிவு செய்திருந்த ஹோட்டலில், கறுப்பர் என்பதால் அவருக்கும் மனைவிக்கும் அறை மறுக்கப்பட்டது. சத்தம் போட்டதற்குக் கைதும் செய்தார்கள். நீங்கள் உறைந்துபோய்க் கேட்ட பாட்டு அந்த உறுத்தலுக்கும் இந்தக் கைதுக்கும் பிறகு வந்தது. தனிப்பாட்டு இசைத்தட்டாக (சிங்கிள்) வெளியிட்டபோது அதில் ஒரு சரணத்தையே வெட்டினார்கள்: சினிமாவுக்குப் போகிறேன், கடைவீதிக்குப் போகிறேன், இங்கே நிற்காதே என்கிறார்கள் என்று வரும் சரணம். பாட்டின் முதுகெலும்பே அதுதான். ஆல்பத்தில் உள்ள முழு வடிவத்தையே கேளுங்கள்.

வயலின்கள் உறுத்துகின்றன என்றால் ‘நைட் பீட்’ ஆல்பம் இருக்கிறது. மயாமிக்கு அடுத்த மாதமே, லாஸ் ஏஞ்சலஸில் ஒருசில கலைஞர்களோடு பதிவானது. ஆர்கனில் 16 வயது பில்லி பிரெஸ்டன். ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பாட்டில் நாய்கள் குரைப்பதாக சாம் குக் பாட, அந்தப் பையன் ஆர்கனைக் குரைக்க வைக்கிறான், அடுத்த வரியில் ஊளையிடவும் வைக்கிறான். இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.